சில்வானர் பருவம்

ஜெர்மனியில் வெள்ளை ஆஸ்பரகஸுக்குக் கடைசித் தேதி உண்டு. ஜூன் 24, புனித யோவான் திருநாள். அன்றோடு அறுவடையை நிறுத்திவிடுகிறார்கள். மீதிக் கோடையில் செடி தழைத்து, வேரில் சத்துச் சேர்த்துக்கொண்டால்தான் அடுத்த வருடம் நல்ல தண்டு முளைக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து அந்தத் தேதிவரை நாடே அதைத்தான் பேசுகிறது, அதைத்தான் தின்கிறது. உணவகங்களில் அதற்கென்று தனி மெனு அட்டை போடுகிறார்கள். சாலையோரங்களில் பலகைக் கடைகள் முளைக்கின்றன. தண்டின் தடிமனை வைத்துத் தரம் பிரித்து, கிலோ விலையைச் சாக்பீஸால் எழுதி வைக்கிறார்கள். இறைச்சி இல்லாமல் இவர்களுக்குச் சாப்பாடு இறங்காது என்று நாம் நினைத்திருக்கும் ஊரில், ஒரு காய் இரண்டு மாதத்துக்கு மேல் ராஜாவாக இருப்பது பார்க்க வேடிக்கையாக இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், இந்த ராஜாவுக்குத் துணை கிடைப்பது கஷ்டம். ஆஸ்பரகஸில் கந்தகச் சேர்மங்கள் அதிகம். வேகவைத்தால் அவை வெளியே வரும். கூடவே மெல்லிய கசப்பு. சிவப்பு ஒயினின் துவர்ப்பு இதோடு சேர்ந்தால் வாயில் இரும்பு வாடை அடிக்கும். ஓக் பீப்பாயில் ஊறிய வெள்ளை ஒயின் கசப்பைக் கூட்டிவிடும். உலகம் முழுக்க ஒயின் பரிமாறுகிறவர்கள் இந்தக் காயைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். ஜெர்மனியின் ஃபிராங்கன் பகுதிக்காரர்கள் மட்டும் சுளிப்பதில்லை. அவர்களிடம் சில்வானர் என்ற வெள்ளை ஒயின் இருக்கிறது.

ஃபிராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கும் நண்பர்தான் என்னை இழுத்துக்கொண்டு போனார். "ரீஸ்லிங்கை எங்க வேணும்னாலும் குடிக்கலாம் சார். சில்வானரை அது விளையுற ஊர்லயே, அந்த ஊர்ச் சாப்பாட்டோட குடிச்சாத்தான் அது என்னன்னு தெரியும்" என்பது அவர் கட்சி. ஜூன் தொடக்கம். பருவம் முடிய இன்னும் நாள் இருந்தது. ஸ்பெஸார்ட் காடுகளைக் குடைந்துகொண்டு விரைவு ரயில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் ஃபிராங்கனின் வூர்ட்ஸ்பூர்க்கில் இறக்கிவிட்டது.

நிலையத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே திராட்சைத் தோட்டம் கண்ணில் படுகிற நகரம் அது. தண்டவாளங்களுக்கு மேலே, சுவர்போல் எழும்பி நிற்கிறது ஷ்டைன் மலைச்சரிவு. 80 ஹெக்டேருக்கு மேல் பரப்பு, தெற்குப் பார்த்த சரிவு, கீழே மைன் ஆறு. வெயிலும் ஆற்றின் வெப்பமும் சேர்ந்து கொடிகளை ஊட்டி வளர்க்கின்றன. அடியில் சிப்பிச் சுண்ணாம்புக்கல். சுமார் 24 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடம் ஆழமில்லாத கடலாக இருந்தபோது படிந்த சிப்பிகளும் சேறும் கல்லானது. சரிவின் ஓரப் பாதையில் நடந்தால் அந்தக் கல்லின் உடைசல்கள் காலடியில் கிடக்கின்றன. ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தால் சிப்பியின் வரிகள் தெளிவாகத் தெரிகின்றன. கவிஞர் கதே இந்த ஊர் ஒயினுக்கு அடிமை. 1806இல் வெளியூரிலிருந்து துணைவிக்கு எழுதிய கடிதத்தில், வேறு எந்த ஒயினும் பிடிக்கவில்லை, வூர்ட்ஸ்பூர்க் ஒயினை அனுப்பு என்று கேட்டிருக்கிறார்.

இத்தனை பெருமை இருந்தும், ஒயின் உலகத்தில் சில்வானர் முன்வரிசையில் உட்கார்ந்ததில்லை. ஜெர்மன் வெள்ளை ஒயின் என்றால் எல்லோருக்கும் ரீஸ்லிங்தான். ரீஸ்லிங்குக்கு மணம் உண்டு, துள்ளும் புளிப்பு உண்டு, அதைப் பற்றிப் பேசப் பேச வார்த்தை ஊறும். சில்வானரை முகர்ந்தால் கொஞ்சம் பேரிக்காய், கொஞ்சம் காய்ந்த புல், அவ்வளவுதான். போட்டிகளில் வரிசையாக நாற்பது கோப்பைகளை வைத்து ருசி பார்க்கிறவர்களின் மூக்கு இதைத் தாண்டிப் போய்விடும். அந்தப் பரீட்சை இந்த ஒயினுக்கு நியாயமானதல்ல என்பதுதான் என் எண்ணம். சோறு இல்லாமல் குழம்பை மட்டும் ஸ்பூனில் எடுத்து மார்க் போடுகிற வேலை அது.

சில்வானரின் பிறப்புக் கதை மரபணுச் சோதனையில்தான் தெளிந்தது. டிராமினர் என்ற பழைய ரகமும், ஆஸ்திரியாவின் ஒரு வெள்ளை ரகமும் தற்செயலாகக் கலந்து பிறந்தது. முப்பதாண்டுப் போர் 1648இல் முடிந்தபோது ஃபிராங்கனின் தோட்டங்கள் பாழாகிக் கிடந்தன. எதை நட்டால் நிச்சயமாக விளையும் என்று தேடியவர்களின் கையில் அகப்பட்டது இந்த 'ஆஸ்திரியக்காரன்'. 1659 ஏப்ரலில் காஸ்டல் என்ற சிற்றூரின் பிரபுக் குடும்பம் 25 கன்றுகளை வாங்கி நட்டது. அந்தச் செலவுக் குறிப்பு அவர்களுடைய ஆவணக் காப்பகத்தில் இன்னும் இருக்கிறது. ஜெர்மனியில் சில்வானர் நட்டதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் முதல் எழுத்துச் சாட்சி ஒரு கணக்குப் பிள்ளையின் வரி. ஆறு வருடம் கழித்து, 1665இல், எப்ராக் மடத்தின் தலைவர் ஆல்பெரிக் டேகன் அதை வூர்ட்ஸ்பூர்க் ஷ்டைன் சரிவில் நட்டார்.

அது இங்கே ஊன்றியதற்குக் காரணம் தட்பவெப்பம். ஃபிராங்கன், ரைன் பள்ளத்தாக்கைவிடக் கடலுக்குத் தூரம். குளிர்காலம் கடுமை, கோடை சுருக்கமானது, மே மாதம்வரை உறைபனி பயம். ரீஸ்லிங் நிதானமாகப் பழுக்கும் ரகம். பழைய நாட்களில் பல வருடங்கள் அது முழுசாகப் பழுப்பதற்குள் இலையுதிர் காலம் வந்துவிடும். சில்வானர் முந்திப் பழுத்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மனியிலேயே அதிகம் பயிரான திராட்சை இதுதான். பிறகு விளைச்சலை அள்ளிக்கொடுக்கும் முல்லர்-தூர்காவ் ரகம் வந்து இதைத் தள்ளியது. மலிவான இனிப்பு ஒயின்களை ஏற்றுமதி செய்து ஜெர்மனி தன் பெயரைக் கெடுத்துக்கொண்ட காலமும் அதுதான். ஃபிராங்கன்காரர்கள் அந்த இனிப்பு வெள்ளத்தில் பெரிதாக இறங்கவில்லை. ஜெர்மனியில் 'உலர்' என்று லேபிளில் போட, புளிப்பு ஈடு கொடுத்தால் லிட்டருக்கு 9 கிராம் சர்க்கரைவரை சட்டம் அனுமதிக்கிறது. இந்த ஊர்க்காரர்கள் அதை ஒத்துக்கொள்வதில்லை. 4 கிராமுக்கு மேல் போனால் அதை உலர் ஒயின் என்று சொல்ல அவர்களுக்கு நாக்கு வராது. இன்று இங்குள்ள ஆறாயிரம் ஹெக்டேர் சொச்சத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு சில்வானர்தான்.

மாலையில் பழைய மைன் பாலத்துக்குப் போனோம். வண்டிகளுக்கு அனுமதியில்லாத கல்பாலம். இரண்டு பக்கமும் பதினெட்டாம் நூற்றாண்டுப் புனிதர் சிலைகள் வரிசையாக நிற்கின்றன. எதிரே குன்றின் மேல் மரியன்பெர்க் கோட்டை. பாலத்தின் முனையிலுள்ள கடையில் ஒயினைக் கண்ணாடிக் கிளாஸில் வாங்கிக்கொண்டு, கிளாஸுக்கு டெபாசிட் கட்டிவிட்டு, பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு குடிப்பது ஊர்ப் பழக்கம். பேராசிரியர், நர்ஸ், கல்யாணப் பெண், சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்கும் கிழவர் என்று எல்லோர் கையிலும் ஒரு கிளாஸ். யாரும் அதை முகர்ந்து பார்த்துக்கொண்டிருக்கவில்லை. யாரும் ஆடவும் இல்லை. கால் லிட்டரை ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

ஆற்றோரச் சாப்பாட்டுக் கடையில் சில்வானரோடு முதலில் சாப்பிட்டது மேஃபிஷ்லி. மைன் ஆற்றின் பொடி மீன்கள். குடலெடுத்து, மாவில் புரட்டி, எண்ணெயில் முறுவலாகப் பொரித்து, தலையும் முள்ளுமாக அப்படியே கடித்துத் தின்ன வேண்டும். நெத்திலி வறுவல் தின்று வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, மிளகாய்தான் இல்லை. பாலத்தில் நிற்கும் புனித கிலியானின் சிலையைக் காட்டி, அவருடைய சுண்டுவிரலைவிட நீளமான மீன் மேஃபிஷ்லி ஆகாது என்று சொல்வார்கள். பொரித்த பண்டத்தின் எண்ணெய்ப் பிசுக்கை அறுக்க ஒயினில் கொஞ்சம் புளிப்பு வேண்டும். ஆனால் ஆற்று மீனின் மெல்லிய மண்வாசத்தை அது அமுக்கிவிடவும் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில் சில்வானர் சரியாக நிற்கிறது. கூட வந்த உருளைக்கிழங்கு சாலடில் வினிகர் கொஞ்சம் தூக்கல். அதற்குக்கூட அது கோபித்துக்கொள்ளவில்லை.

மறுநாள் யூலியுஸ்ஷ்பிடால். இது மருத்துவமனை, முதியோர் இல்லம், ஒயின் பண்ணை மூன்றும் சேர்ந்த அறக்கட்டளை. 1576இல் பிஷப் யூலியுஸ் எக்டர் தொடங்கியது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் செலவுக்காகத் தோட்டங்களையும் வயல்களையும் எழுதி வைத்தார். இன்று ஜெர்மனியின் பெரிய ஒயின் பண்ணைகளில் அதுவும் ஒன்று. அரண்மனைக் கட்டடத்துக்கு அடியில் 250 மீட்டர் நீளத்துக்குப் பாதாள அறை. இரண்டு பக்கமும் மரப் பீப்பாய்கள், சிலவற்றின் முகப்பில் செதுக்கு வேலை, குளிர்ந்த கல்லின் ஈர வாசம். இதே நகரில் பூர்கர்ஷ்பிடால் என்ற இன்னொரு அறக்கட்டளை 1316இலிருந்து இதே மாதிரி நடக்கிறது. குடியால் குடும்பம் கெட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, ஒயின் விற்று ஆஸ்பத்திரி நடத்துவதை உடனே ஏற்க மனம் வராது. நூற்றாண்டுகளாக நடக்கிறது என்பது மட்டும் உண்மை.

எக்டரின் தர்மத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. பண்ணையின் விற்பனைப் பிரசுரங்களில் அது முதல் பக்கத்தில் வராது. இந்த ஆஸ்பத்திரி எழுந்த நிலம் யூதர்களின் இடுகாடு. அவர்களிடமிருந்து அதைப் பறித்துத்தான் கட்டினார். புராட்டஸ்டன்டுகளை ஊரைவிட்டுத் துரத்தியவரும் அவரே. உயர்ந்த தரச் சில்வானர் விளையும் இப்ஹோஃபன் ஊர்ச் சரிவுக்கு இன்றும் அவர் பெயர்தான். பாட்டிலில் அந்தப் பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சற்றே உறுத்துகிறது.

பாட்டில் என்றதும் போக்ஸ்பாய்டலைச் சொல்லாமல் போக முடியாது. தட்டையான வயிறு, குட்டைக் கழுத்து. சரிவில் வேலை செய்கிறவன் கீழே வைத்தால் உருளாது. 1726இல் வூர்ட்ஸ்பூர்க் நகர மன்றம், பூர்கர்ஷ்பிடாலின் ஷ்டைன் ஒயினை இந்தக் குடுவையில் அடைத்து முத்திரை வைக்க வேண்டும் என்று முடிவு செய்தது. காரணம் போலி. நல்ல பெயர் எடுத்த சரக்குக்கு நகல் வராமல் இருக்குமா? குடுவையின் வடிவத்துக்காக நடந்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம்வரை போனது. இத்தாலியர்களும் இதேபோன்ற குடுவையை நெடுங்காலமாகப் பயன்படுத்திவருவதால் அவர்களைத் தடுக்க முடியாது என்று 1984இல் தீர்ப்பானது. ஜெர்மனிக்குள் ஃபிராங்கனுக்கும் பாடனின் ஓரிரு பகுதிகளுக்கும் மட்டுமே இந்த வடிவம் சொந்தம். வீட்டு ஃபிரிட்ஜில் இது எந்தத் தட்டிலும் ஒழுங்காக உட்காராது என்பது நண்பருடைய மனைவியின் நீண்டகாலப் புகார்.

பூர்கர்ஷ்பிடாலின் பாதாள அறையில் 1540ஆம் ஆண்டு ஷ்டைன் ஒயின் பாட்டில் ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். அந்த வருடம் ஐரோப்பாவில் மழையே இல்லாமல் ஆறுகள் வற்றின. திராட்சை கொடியிலேயே வற்றி இனித்தது. அந்த ஒயினின் கடைசிப் பாட்டில்களில் ஒன்றை 1961இல் லண்டனில் திறந்தார்கள். ருசி பார்த்தவர்களில் ஒருவர் ஒயின் எழுத்தாளர் ஹியூ ஜான்சன். 421 வயதான ஒயின் சில நிமிடங்கள் உயிரோடு இருந்தது, பிறகு காற்றுப் பட்டு வினிகராகிவிட்டது என்று அவர் எழுதியிருக்கிறார். அது சில்வானர் அல்ல. சில்வானர் இந்தப் பக்கம் வந்ததற்கு எழுத்துச் சாட்சி கிடைப்பதற்கு நூறு வருடத்துக்கு மேல் முந்தைய சரக்கு. ஆனாலும் ஷ்டைன் சரிவின் பெருமையைப் பேசுகிற எவரும் இந்தக் கதையை விடுவதில்லை, நானும் விடவில்லை.

நகரத்தை விட்டுப் பேருந்தில் கிழக்கே போனால் ஃபோல்காஹ். அங்கே மைன் ஆறு திடீரென்று மனம் மாறியதுபோல் பெரிய வளையம் போட்டுத் திரும்புகிறது. வளைவின் வெளிப்பக்கம் எஷர்ன்டோர்ஃப் ஊருக்குப் பின்னால் லும்ப் என்ற செங்குத்துச் சரிவு, அரைவட்டமாக, தெற்கைப் பார்த்து நிற்கிறது. அங்கே சில்வானரும் ரீஸ்லிங்கும். வளைவின் உள்பக்கம், நோர்ட்ஹைம், ஸோமராஹ் ஊர்களைச் சுற்றி ஆறு கொண்டுவந்து போட்ட மணல். அங்கே ஆஸ்பரகஸ். கல் நிலத்தில் ஒயினும் மணல் நிலத்தில் அதனோடு சாப்பிடும் காயும் விளைய, நடுவில் ஒரு சின்னப் படகு இரண்டு மூன்று கார்களையும் சைக்கிள்காரர்களையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருகிறது. எந்த உணவுக்கு எந்த ஒயின் என்று புத்தகம் எழுதுகிறவர்கள் ஒருமுறை இந்தப் படகில் ஏறிவிட்டு எழுதலாம்.

ஆஸ்பரகஸ் வயலை நான் கிட்டே போய்ப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் உயரத்துக்கு மணலை வரப்பு வரப்பாகக் கூட்டி, பிளாஸ்டிக் தாளால் மூடியிருக்கிறார்கள். தண்டு வெளிச்சம் பார்க்காதவரை வெள்ளை. நுனி வெளியே எட்டிப் பார்த்துவிட்டால் ஊதா ஏறும், பிறகு பச்சை. அறுப்பவர்கள் பெரும்பாலும் ருமேனியாவிலிருந்தும் போலந்திலிருந்தும் வந்தவர்கள். விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடுகிறார்கள். தாளை விலக்கி, மண்ணில் விழுந்த கீறலைப் பார்த்து, இரண்டு விரலால் தண்டைச் சுற்றி மணலைத் தோண்டி, நீண்ட கத்தியை உள்ளே செலுத்தி அடியில் ஒரு வெட்டு. தண்டை உருவி எடுத்ததும் கரண்டியால் மணலைத் தட்டி, மட்டம் செய்து, தாளை மூடி, அடுத்த அடி. குனிந்த முதுகு நிமிர்வதேயில்லை. சந்தையில் கிலோ விலையைக் கேட்டு வாய் பிளக்கிறவர்கள் இதைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்வார்கள்.

நம் ஊர் தண்ணீர்விட்டான் கிழங்கு இந்தச் செடிக்கு நெருங்கிய உறவு. நாட்டு வைத்தியத்துக்காக நாம் கிழங்கைத் தோண்டுகிறோம். அவர்கள் தளிர்த் தண்டை வெட்டுகிறார்கள். குடும்பம் ஒன்று.

நோர்ட்ஹைமில் ஒரு விடுதியின் முற்றத்தில் மதியச் சாப்பாடு. விடுதிக்கார அம்மாள் வாசலருகே உட்கார்ந்து தண்டுகளைச் சீவிக்கொண்டிருந்தார். இரண்டு தண்டுகளை ஒன்றோடொன்று உரசிக் காட்டினார்; கீச்சென்று சத்தம் வந்தது. சத்தம் வந்தால் காலையில் வெட்டியது, வராவிட்டால் நேற்றையது என்றார். நுனியை விட்டுக் கொஞ்சம் கீழே தொடங்கி, அடிவரை தோலை நீளநீளமாக எடுத்துவிட வேண்டும். கொஞ்சம் நார் மிச்சமிருந்தாலும் பல்லில் மாட்டும். சீவிய தோலை எறிவதில்லை. அதை வேகவைத்த தண்ணீரில், உப்பு, ஒரு சிட்டிகை சர்க்கரை, ஒரு துண்டு வெண்ணெய் போட்டு, அதிலேதான் தண்டுகளை வேகவைக்கிறார்கள். மிஞ்சும் தண்ணீர் இரவுக்கு சூப்.

தட்டு வந்தது. ஆளுக்கு அரைக் கிலோ தண்டு, தோலோடு வேகவைத்த சின்னப் புது உருளைக்கிழங்கு, தாளாகச் சீவிய ஹாம். பக்கத்தில் சின்னக் குடுவையில் உருக்கிய வெண்ணெய். நண்பருக்கு ஹாலண்டேஸ் சாஸ்: முட்டை மஞ்சள் கருவையும் வெண்ணெயையும் இளஞ்சூட்டில் அடித்து எலுமிச்சை பிழிந்தது. ஒயின் எதிர்க்கரை லும்ப் சரிவின் உலர் சில்வானர். ஒப்பிட்டுப் பார்க்க அதே சரிவின் ரீஸ்லிங்கும் ஒரு கிளாஸ் சொன்னோம்.

முதலில் ஒயினை மட்டும். ரீஸ்லிங் சுலபமாக ஜெயித்தது. வாயில் வைத்ததும் பீச்சும் எலுமிச்சையும் மலர்ந்து, நாக்கை உலுக்கிவிட்டுப் போனது. சில்வானர் மெதுவாக வந்து உட்கார்ந்துகொண்டது. கொஞ்சம் பேரிக்காய், கொஞ்சம் மூலிகை வாசம், நடுநாக்கில் ஒரு கனம், முடிவில் சுண்ணாம்புக் கல்லை நக்கினாற்போல் ஓர் உலர்ச்சி. பிறகு ஒரு தண்டை வெண்ணெயில் புரட்டிக் கடித்துவிட்டு ரீஸ்லிங். அதே புளிப்பு இப்போது ஆஸ்பரகஸின் கசப்பைத் தோண்டி எடுத்து முன்னால் வைத்தது. காய்க்கும் ஒயினுக்கும் நடுவில் சண்டை. அடுத்து சில்வானர். கசப்பு அடங்கியது. தண்டுக்குள் இவ்வளவு இனிப்பு இருந்ததே என்று அப்போதுதான் தெரிந்தது. ஒயினின் மண்வாசமும் காயின் மண்வாசமும் எது எதுவென்று பிரிக்க முடியாமல் ஒட்டிக்கொண்டன. வெண்ணெயை வழித்தெடுக்கும் அளவுக்கு மட்டும் அதில் புளிப்பு இருந்தது. ரீஸ்லிங் கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டோம். சாப்பாடு முடிந்த பிறகு அதைத் தனியாகக் குடித்தோம், அப்போது அது மறுபடியும் அருமையாக இருந்தது.

ஹாலண்டேஸ் விஷயத்தில் எனக்கு ஒரு கருத்து வேறுபாடு உண்டு. அந்த சாஸ் கனம். அது ஊற்றிய தட்டுக்குச் சாதாரணச் சில்வானர் தாங்காது, நன்றாகப் பழுத்த திராட்சையில் செய்த தடித்த ரகம் வேண்டும். உருக்கிய வெண்ணெய்க்கு எளிய பண்ணைச் சில்வானரே போதும். எனக்கு இந்த இரண்டாவது ஜோடிதான் மேல். நண்பர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஒயினை ஐஸ் குளிரில் தருகிற பழக்கம் இங்கே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 10, 12 டிகிரி போதும். அதற்குக் கீழே போனால் சில்வானர் ஊமையாகிவிடும்.

சாப்பிட்ட கனம் குறைய ஃபோல்காஹுக்கு மேலே உள்ள குன்றில் ஏறினோம். திராட்சைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு பழைய தேவாலயம். உள்ளே ரோஜாமாலை நடுவே மரியாளின் மரச்சிற்பம், டில்மன் ரீமன்ஷ்னைடரின் கை. வூர்ட்ஸ்பூர்க்கின் மேயராகவும் இருந்த சிற்பி அவர். 1525 விவசாயிகள் போரில் பிஷப்புக்கு எதிர்ப்பக்கம் நின்றதற்காகச் சிறையில் சித்திரவதைப்பட்டார். இந்தச் சிற்பத்தை 1962இல் திருடிக்கொண்டு போய்விட்டார்கள். ஷ்டெர்ன் பத்திரிகையின் ஆசிரியர் ஹென்ரி நானன் ஒரு லட்சம் மார்க் தருவதாக அறிவித்து மீட்டார். திருடர்களுக்குப் பத்திரிகை பணம் கொடுக்கலாமா என்று அப்போது பெரிய சர்ச்சை. சிற்பம் இப்போது உயரத்தில், பத்திரமாகத் தொங்குகிறது.

இரவுச் சாப்பாட்டுக்கு ஸோமராஹில் ஒரு ஹெக்கன்விர்ட்ஷாஃப்ட். தோட்டக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே, தங்கள் ஒயினை மட்டும் விற்கும் தற்காலிகக் கடை. உரிமம் தேவையில்லை. ஆனால் வருடத்தில் நாலு மாதத்துக்கு மேல் திறக்கக் கூடாது, நாற்பது இருக்கைக்கு மேல் போடக் கூடாது, எளிய சாப்பாடுதான் பரிமாறலாம். திறந்திருப்பதற்கு அடையாளமாக வாசலில் இலைக்கொத்து கட்டியிருக்கும். உள்ளே நீள பெஞ்சு. இடமிருந்தால் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட வேண்டியதுதான். ஒயின் இங்கே கால் லிட்டர் கணக்கில் வருகிறது, விலையும் நகரத்தைவிட இறக்கம்.

அங்கே சாப்பிட்ட நீலத் தொத்திறைச்சி என் எதிர்பார்ப்பைப் புரட்டியது. பச்சைச் சாசேஜை வினிகர், வெங்காயம், பிரிஞ்சி இலை, ஜூனிபர் காய் போட்ட குழம்பில் மெதுவாக வேகவைக்கிறார்கள். அது வெளிறி, லேசாக நீலம் பாரித்துவிடுகிறது. பார்க்க அழகில்லை. வினிகர் சேர்ந்த பண்டத்தோடு ஒயின் செத்துவிடும் என்பது பொது விதி. அந்த வீட்டு அம்மாள் குழம்பில் வினிகரைக் குறைத்து, பாதிக்குச் சில்வானரையே ஊற்றுகிறார். கிளாஸில் இருப்பதும் கிண்ணத்தில் இருப்பதும் ஒரே சரக்கு என்றால் சண்டை எப்படி வரும்? கூடவே கெருப்ஃப்டர்: பழுத்த கமம்பேர் பாலாடைக்கட்டியை வெண்ணெய், வெங்காயம், பாப்ரிகா பொடி சேர்த்துப் பிசைந்தது, ரை மாவுக் கறுப்பு ரொட்டியில் தடவித் தின்ன. அதற்கு மட்டும் சில்வானர் ஈடு கொடுக்கவில்லை. பாலாடைக்கட்டியின் நெடி ஜெயித்தது. பக்கத்து பெஞ்சுப் பெரியவர் அதோடு பீர்தான் குடித்திருக்க வேண்டும் என்று அபிப்பிராயம் சொன்னார், ஆனால் அந்த வீட்டில் பீர் கிடையாது.

இந்த ஒயினை நம் வீட்டுச் சாப்பாட்டோடு வைத்தால் என்ன என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். மிளகாய் சேர்ந்த குழம்பென்றால் வேண்டாம். உலர் ஒயினின் ஆல்கஹால் காரத்தை இன்னும் எரியவிடும். அதற்கு லேசாக இனிக்கும் ரீஸ்லிங்தான் சரி, அதில் உள்ள சர்க்கரை காரத்தைத் தணிக்கும். தேங்காய்ப்பால் ஊற்றி, மிளகாய் குறைத்த மீன் மொய்லிக்கு வேண்டுமானால் சில்வானர் ஒத்துவரும். அதற்கு மேல் இழுக்க வேண்டியதில்லை.

கடைசியாக இப்ஹோஃபன். மதில் சூழ்ந்த சின்ன ஊர். மண் மாறிவிட்டது, இங்கே சிப்பிக்கல் இல்லை, ஜிப்சம் கலந்த கோய்ப்பர் களிமண். உலகமெங்கும் ஜிப்சம் பலகை விற்கும் க்னாஃப் நிறுவனத்தின் தலைமையகம் இந்த ஊரில் இருப்பதற்கும் இந்த மண்தான் காரணம். இங்கத்திய சில்வானர் கொஞ்சம் சதை போட்டது, பச்சிலை வாசமும் உப்புச் சாயலும் கூடுதல். வறுத்த கோழியோடும், இளங்கன்று இறைச்சியோடும் தாக்குப்பிடிக்கும். ஆனால் அதன் உண்மையான ஜோடி கெண்டை மீன் என்றார் ஒயின் ஊற்றிய பெண்மணி. கிழக்கே ஐஷ் ஆற்றுப் பக்கத்துக் குளங்களில் வளர்ப்பது. நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மாவில் தோய்த்து, வளைந்து நிற்கும்படி பொரிப்பார்கள். அதுவும் செப்டம்பரிலிருந்து ஏப்ரல்வரைதான் கிடைக்கும். அப்புறம் ஆஸ்பரகஸ்.

"சரி, ஆஸ்பரகஸ் ஜூனோடு முடிந்துவிடும். கெண்டை செப்டம்பரில்தான் வரும். நடுவில் ஜூலை, ஆகஸ்டில் சில்வானரை எதோடு குடிப்பீர்கள்?" என்று கேட்டேன்.

"சோடாவோடு" என்றார்.

பாதி ஒயின், பாதி சோடா, அரை லிட்டர் கிளாஸ். தோட்ட வேலைக்காரர்கள் வெயிலில் குடிப்பதும், ஊர்த் திருவிழாவில் குடும்பத்தோடு குடிப்பதும் அதுதானாம். நல்ல சரக்கில் தண்ணீர் கலப்பதா என்று நண்பர் பதறிவிட்டார். "கெட்ட ஒயினை ஊற்றினால் கெட்ட சோடாதானே கிடைக்கும்?" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள், நாங்கள் மிச்சம் வைத்திருந்த விலை உயர்ந்த பாட்டிலையே எடுத்து, எங்கள் கண் முன்னால் இரண்டு கிளாஸில் பாதிப் பாதி ஊற்றிச் சோடாவை நிரப்பினார். வெளியே 34 டிகிரி. நண்பர் தன் கிளாஸைக் காலி செய்துவிட்டு, என்னுடையதைப் பார்த்தார்.